சாமிப் புகையும் கதலிப் பெட்டிகளும்

அக்கா,

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் லொறிக்கு வாழைக்காய்ப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது பொதிசெய்யும் கூடத்துக்குள் சாம்பிராணி மணத்தது. வாசல் வேப்பமரத்தடியில் வழமையான பூசைதான். காற்றுத்தான் திரும்பிவிட்டது. நான் வாய் திறக்க முன்னமே, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி ஏற்றும் கதவை இழுத்துச் சாத்திவிட்டாள். பாதிப் பெட்டி லொறியில், பாதி உள்ளே. சாரதி வெளியே நின்று கத்தினான்.

"ஆரைக் கேட்டுச் சாத்தினனீ?"

"புகை வருது அண்ணை. முதல் நிப்பாட்டுவம், பிறகு கதைப்பம்."

அவள் உங்களைக் கண்டதேயில்லை. நீங்கள் போன பிறகு வந்தவள். ஆனால் அது உங்கள் வசனம். அதனால்தான் இதை எழுதுகிறேன். இல்லாவிட்டால் செத்தவருக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் வாழைப்பழம் வாங்குகிறவருக்கு அதில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மட்டுந்தான் தெரியும். குலையைச் சீப்புச் சீப்பாக வெட்டி, தொட்டியில் போட்டுப் பால் போகக் கழுவி, காற்றாடிக்குக் கீழே உலரவிட்டு, பச்சைக் காயாகவே பெட்டியில் அடுக்கும் கைகளைத் தெரியாது. அந்தக் கைகளுக்கெல்லாம் தலைவி நீங்கள். காங்கேசன்துறைப் பக்கம், கடலோரத்துக் குடும்பம். வள்ளத்தைக் கூப்பிட்டுப் பழகிய குரல். நீங்கள் கூடத்தின் ஒரு முனையில் நின்று கதைத்தால் மறுமுனையில் என் காது அடைக்கும்.

தரம் பார்க்கும் வேலைக்கு நான் வந்த முதல் நாளே சண்டையில் கொழுவினோம். உங்கள் தலையில் வலைத்தொப்பி, அதற்கு மேல் மல்லிகைச் சரம்.

"அக்கா, பூ கூடாது. கழட்டுங்கோ" என்றேன்.

"தலை என்ரை. தொப்பி கொம்பனியின்ரை. பூ சாமியின்ரை. நீர் எதைக் கழட்டச் சொல்லுறீர்?"

"பூவை."

"அப்ப அதைச் சாமியிட்டைக் கேளும்."

அடுத்த நாள் பூ தொப்பிக்கு உள்ளே போயிருந்தது. அதை நான் வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

பெரிய சண்டை சாம்பிராணிக்கு. ஒவ்வொரு வெள்ளியும் தூபக்காலில் சிரட்டைத் தணல் போட்டு, சாம்பிராணி தூவி, பெட்டிகளைச் சுற்றிக் காட்டுவீர்கள். புகையில் எதிலீன் வாயு இருக்கிறது, அது பட்டால் காய் பழுக்கத் தொடங்கும் என்று விளக்கினேன். எத்தனையோ வீடுகளில் குலையைக் குழியில் வைத்துப் புகை போட்டுத்தான் பழுக்க வைக்கிறார்கள். இது இந்த ஊருக்குத் தெரியாத சங்கதியா?

"தம்பி, அது அடுப்புப் புகை. இது சாமிப் புகை."

"அடுப்பு எது, சாமி எது எண்டு வாழைக்காய்க்குத் தெரியாது அக்கா."

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனாலும் அடுத்த வெள்ளியிலிருந்து தூபக்கால் வரவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு அந்தக் கொன்டெயினர் வந்தது. அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக விமானத்தில் போன கதலி முதன்முதலாகக் கப்பலில் போகிற நாள். காய் பச்சையாகப் போய்ச் சேர்ந்தால் தொடர்ந்து வாங்குவதாக அரபு நாட்டு வியாபாரி சொல்லியிருந்தார். மஞ்சளாகப் போனால் அதோடு சரி. முதலாளியும் ஒளிக்கவில்லை. "இது பிழைச்சால் கூடத்தை மூடுறதுதான்" என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அந்தக் கூடத்தை நம்பி எத்தனை வீட்டில் உலை வைத்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஏற்றுகிற அன்று காலை உள்ளே கால் வைத்ததும் மணத்தது. கூடத்தில் அடுக்கிவைத்த பெட்டிகளைச் சுற்றிப் புகை. காற்றாடிகள் வேறு அதைச் சுழற்றிச் சுழற்றி எல்லா மூலைக்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. தூபக்கால் உங்கள் கையில்.

"என்ன வேலை அக்கா இது?"

"கடலாலை போற சாமான் தம்பி. புது வள்ளம் இறக்கேக்கை புகை காட்டாமல் விடுறதே? எங்கடை ஆக்கள் ஒருதரும் அப்பிடி விட்டதில்லை."

உங்களோடு கதைத்து நேரம் போக்காமல் நேரே முதலாளியிடம் போனேன். இந்தப் பெட்டிகள் ஏறக்கூடாது, ஒன்று பழுத்தால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பழுக்க வைக்கும் என்றேன்.

"கொஞ்சப் புகைதானே தம்பி. லொறி கொழும்புக்குப் போய்ச் சேரவேணும். கப்பல் எங்களுக்காக நிக்காது" என்றார். என்னைவிட உங்கள் சொல்லுக்குத்தான் அவரிடம் மதிப்பு. உங்கள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ சொல்லு. ஏத்துவமோ?"

'ஏத்துங்கோ' என்று ஒரு சொல் போதும். உங்களுக்கும் மானம் போகாது, அவருக்கும் நிம்மதி. காய்களோ பச்சைப் பசேலென்று கிடந்தன. என் பேச்சைத் தவிர வேறு அத்தாட்சி எதுவும் இல்லை. அந்தப் பேச்சும் மரியாதையான பேச்சில்லை.

நீங்கள் தூபக்காலைக் கீழே வைத்தீர்கள்.

"ஏத்தாதேங்கோ முதலாளி. புகை காட்டினது நான். முதல் நிப்பாட்டுவம், பிறகு கதைப்பம்." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, உமக்குப் பிழைச்சுதோ, உம்மை அந்தத் தொட்டியிலை போட்டு அலசுவன்."

குளிர் அறையில் இருந்த முந்தின நாள் பெட்டிகளில் புகை படவில்லை. முதலில் அவற்றை ஏற்றினோம். மிச்சத்துக்குத் தோட்டக்காரரிடம் ஓடிப்போய்ப் புதுக் குலை எடுப்பித்து, கதவு யன்னலெல்லாம் திறந்துவிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். முதலாளி அன்று முழுக்க உங்களோடு கதைக்கவில்லை. நீங்கள் கடைசிப் பெட்டி ஒட்டும்வரை குந்தவுமில்லை. லொறி வெளிக்கிட்டபோது பொழுதுபட்டிருந்தது.

புகை பட்ட பெட்டிகள் ஊர்ச் சந்தைக்குப் போயின. ஒன்றை மட்டும் உங்கள் மேசைக்குக் கீழே தள்ளி வைத்தீர்கள், என்னைச் சோதிக்க. கப்பல் கடலில் இருந்தபோதே ஒருநாள் என்னைக் கூப்பிட்டு மூடியைத் திறந்து காட்டினீர்கள். எல்லாம் மஞ்சள். ஒன்றை உரித்து, ஆறுதலாகத் தின்று முடித்தீர்கள்.

"இனிப்பாத்தான் கிடக்கு. நீர் சொன்னது சரி. இப்ப சந்தோஷமே?"

"ஓம்."

"பல்லைக் காட்டாதையும். பூசைக்கு வெளியிலை ஒரு இடம் பார்த்துத் தாரும்."

வேப்பமரத்தடியைக் காட்டினேன். நீங்கள் காற்றைப் பார்த்தீர்கள். "சோளகக் காத்துக்குச் சரி. வாடைக் காத்துக்குச் சரிவராது. அப்ப தண்ணி மோட்டர்க் கொட்டிலடிக்கு மாத்தவேணும்." அதற்குப் பிறகு வருடா வருடம் மாற்றியது நீங்கள்தான். அது ஒரு வேலை என்றே நாங்கள் யாரும் நினைக்கவில்லை. கொன்டெயினர் பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இந்த வருடச் சோளகத்தோடு நீங்கள் போய்விட்டீர்கள். காய்ச்சல் என்றார்கள், இரண்டாம் முறை விசாரிக்க முன்னம் எல்லாம் முடிந்திருந்தது. செத்தவீட்டில் உங்கள் தலைமாட்டில் சாம்பிராணி புகைந்தது. கூடத்துப் பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே சாத்துவதற்குக் கதவொன்றும் இருக்கவில்லை.

இன்றைக்கு வாடை தொடங்கிவிட்டது. பூசை செய்யும் இடம் மாறாமல் இருந்தது. இந்த வருடம் மாற்றுவதற்கு நீங்கள் இல்லை என்பது புகை உள்ளே வந்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

சாரதி இன்னும் கத்திக்கொண்டிருக்க, அந்தப் பிள்ளை மெல்லக் கேட்டாள்: "அண்ணை, நான் சாத்தினது சரியே?"

எனக்குப் பொறுமை கிடையாது. புதுப் பிள்ளை என்னைக் கேட்காமல் லொறியை மறித்தால் முன்னைய நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அன்றைக்கு உங்களிடமும் என் வாயைத் தவிர வேறு அத்தாட்சி இருக்கவில்லை. பெட்டி பழுக்க முன்னமே நம்பினீர்கள். பழுத்த பிறகு யாரும் நம்புவார்கள்.

"புகை காயிலை பட்டுதோ எண்டு எனக்குத் தெரியாது. நீ சாத்தினது சரி" என்றேன்.

கதவடியில் நின்ற பெட்டிகளை ஒதுக்கச் சொன்னேன். ஒன்றை உங்கள் மேசைக்குக் கீழே தள்ளினேன். பழுத்தால் முதல் பழம் அவளுக்கு. பிறகு வெளியே போய், சுடச்சுட இருந்த தூபக்காலைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மோட்டர்க் கொட்டிலடிக்கு நடந்தேன். புகை எனக்கு முன்னால், கூடத்தை விட்டு விலகிப் போனது.

காற்றைச் சரியாகப் பார்த்துத்தான் வைத்தேன், அக்கா.