ஏரி எங்கே போய்ப் படுத்தது?

அம்பத்தூர்
5.7.2025

மூன்றாம் வகுப்பை ஒற்றைப் புருவத்தால் ஆளும் ரேகா டீச்சருக்கு, முடிசூடாத, தலையில் முடியும் இல்லாத தாய்மாமன் தமிழரசு எழுதுவது.

பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்க ஒரு குட்டிக்கதை வேண்டும் என்றாய். பதினெட்டு தேசங்கள் என் கதைக்குக் காத்துக்கிடக்கின்றன. இருந்தாலும் அக்கா மகளாச்சே. மதியத் தூக்கத்தில் கண்டதை அப்படியே தருகிறேன்.

செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கிடந்து கிடந்து முதுகு வலித்தது. எழுந்து, தன்னைப் பாய் போலச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆவடியில் மின்சார ரயில் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியெல்லாம் தன் மீன்களுக்கு வேடிக்கை காட்டியது. அம்பத்தூரில் இறங்கி, என் வீட்டு மொட்டைமாடியில் தன்னை விரித்துப் படுத்துக்கொண்டது.

வடாம் காயவைத்த இடம் போச்சே என்கிறாள் உன் மாமி.

அன்பும் அதிகாரமும் கலந்து,
தமிழரசு

குத்தம்பாக்கம்
12.7.2025

அன்புள்ள மாமா,

நான் நலம். மாமியின் வடாம் நலமா?

ஒரு சிக்கல். இந்தப் பருவத்துக்கு நானே எழுதி வைத்த கற்றல் விளைவு, 'கேட்ட கதையை மாற்றாமல் திருப்பிச் சொல்வார்' என்பது. சுவேதா என்று ஒரு பிள்ளை, ஜூனில் சேர்ந்ததிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லை. ஏரி எங்கே போய்ப் படுத்தது என்று கேட்டதும் முதல்முறையாகப் பேசினாள்.

"எங்க ஊட்ல. அம்மா குடோன்லேர்ந்து வந்து கால் வலிக்குதுன்னிச்சி. ஏரி அம்மா காலை மடியில வச்சிக்கிச்சி."

எல்லாவற்றையும் சரியாகச் சொன்ன ரோஹித், தப்பு டீச்சர் என்றான். பதிவேட்டில் அவளுக்கு 'அடைந்தார்' என்று போட்டால் பொய். 'இல்லை' என்று போட்டால் மறுபடி வாயை மூடிக்கொள்வாள். வெள்ளிக்குள் பதிய வேண்டும். என்ன செய்யட்டும்?

ரேகா

அம்பத்தூர்
15.7.2025

இன்னா டீச்சரம்மா, இதுக்கா கலக்கம்?

இரண்டு வல்லரசுகளை ஒரே டீயில் சமாதானம் செய்தவன் நான். என் முதல் கடிதம் போலி என்று இதனால் அறிவிக்கிறேன். அசல் இதோ: ஏரி அம்பத்தூர் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. பூந்தமல்லி பஸ் பிடித்து நேரே சுவேதா வீட்டுக்குப் போய்விட்டது. இதை வாசித்துக் காட்டு. சுவேதா ரைட்டு, ரோஹித் ராங்கு. விவகாரம் முடிந்தது.

ஆபத்பாந்தவன்,
தமிழரசு

குத்தம்பாக்கம்
19.7.2025

மாமா,

உங்கள் 'அசல்' வந்தது. வாசிக்கவில்லை. அவள் சொன்னதை நீங்கள் சொன்னதாக ஆக்கிவிட்டால் அவளுக்கென்று என்ன மிச்சம்? காது கொடுத்துக் கேட்ட ரோஹித்துக்குத்தான் என்ன மரியாதை?

'இன்னும் இல்லை' என்று பதிந்தேன். அவளிடமும் சொன்னேன்: மாமா கதை ஒன்று, உன் கதை ஒன்று, உன்னுடையது எனக்குப் பிடித்தது, ஆனால் நான் கேட்டது மாமாவுடையதை. தலையாட்டினாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

கோபமில்லை மாமா. தெரியாமல் எதையோ உடைத்துவிட்டேனோ என்றுதான் இருக்கிறது. இன்னொரு கதை அனுப்புவீர்களா?

ரேகா

அம்பத்தூர்
24.7.2025

அன்பு ரேகா,

பட்டங்களைக் கழற்றி வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் கடிதத்தைப் படித்த மாமி ஒரு வேளை காபி தரவில்லை.

உங்கள் ஊர்ப் பஸ் நிலையத்தில் ஒரு மேகம் வரிசையில் நின்றது. பஸ்ஸில் இடம் கிடைத்ததும் கைக்குட்டையால் ஜன்னலைத் துடைத்தது. கண்டக்டர் வந்து, எங்கே போகணும் என்று கேட்டார். மேகம் யோசித்தது.

இத்தோடு விழித்துவிட்டேன். மேலே எனக்குத் தெரியாது. சத்தியம்.

வெறும் தமிழரசு

குத்தம்பாக்கம்
31.7.2025

அன்புள்ள மாமா,

வாசித்து முடித்ததும் சுவேதா தானாக எழுந்தாள். வரிசை, ஜன்னல், கைக்குட்டை, கண்டக்டர். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் சேர்க்கவில்லை. மேகம் யோசித்த இடத்தில் நிறுத்தி, ரோஹித்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாமா சொன்னது இவ்ளோதான். இனிமே நான் சொல்றேன்."

மீதியைப் போனில் உங்களிடமே சொல்வாளாம். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

'அடைந்தார்.'

ரேகா

அம்பத்தூர்
4.8.2025

ரேகா டீச்சருக்கு,

கேட்டேன். குறுக்கே பேசவில்லை, மாமி சாட்சி. மாற்றாமல் திருப்பிச் சொல்கிறேன்:

மேகத்துக்கு எங்க போவணும்னு தெரியல. கண்டக்டரு அரை டிக்கெட் கிழிச்சிக் குடுத்தாரு. குடோனாண்ட எறங்கி, வெளிய வந்த எங்கம்மாவுக்கு மேலயே நிழலா வந்துச்சி. அம்மா ஊட்டுக்குள்ள போனப்புறந்தான் பேஞ்சிச்சி.

இவ்வளவுதான். ஒரு யானையையாவது நடுவில் விடலாமே என்று கை துறுதுறுத்தது. விடவில்லை.

எனக்கும் பதிந்துவிடு, டீச்சர்.

தமிழரசு