சத்தியம் பண்ணின ஆள்

மண்கும்பான்,
ஆடி மாதம், 2025.

அன்பு மகன் வசீகரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நயினாதீவு அம்மாளிடம் போய் உன் பேரிலும் பிரியவதனி பேரிலும் பிள்ளைகள் பேரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வந்தேன். அவள் உங்களைக் காப்பாள். இங்கே கிணற்றுத் தண்ணீர் இந்த முறை நேரத்தோடு உவர்த்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்குப் பவுசர் லொறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். என் முழங்கால் வலி பழையபடிதான்.

எத்தனை தரம் அழைத்தாலும் நீ தொலைபேசியை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு யோகம்மாவின் மகள் தாரிகா விடுமுறை முடிந்து கனடாவுக்குத் திரும்புகிறாள். உன் கையிலேயே கொடுப்பதாகச் சொன்னாள்.

உன் தங்கச்சி கஜானி பிரதேச சபைக்குத் தெரிவானபோது உனக்கும் சந்தோஷம்தான். பதவி ஏற்க முதல் சத்தியம் பண்ண வேண்டும், அது எண்பத்து மூன்றில் அப்பா பண்ணின அதே சத்தியம் என்று அவள் சொன்ன பிறகுதான் நீ மாறினாய். "அப்பாவைத் திண்ட சொல்லடி அது, அதை உன்ரை வாயாலை சொல்லப்போறியோ?" என்று கத்திவிட்டு போனை வைத்தாய். பிறகு அவளோடும் கதையில்லை, என்னோடும் கதையில்லை.

உன் கோபத்தை நான் பிழை சொல்லவில்லை. அப்பாவைக் கொண்டுபோனபோது நீ நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. எல்லாவற்றையும் பார்த்தவன். அவள் கைக்குழந்தை.

ஆனால் எண்பத்து மூன்று உனக்கு நினைவிருக்காது. கலவரத்தில் தப்பி, கொழும்பிலிருந்து கப்பலில், யாரோ உடுக்கக் கொடுத்த சாரத்தோடு வந்து இறங்கினார் உன் அப்பா. நெற்றிக் காயம் ஆற முதல் ஆறாவது திருத்தம் வந்தது. நாட்டுக்குள் தனிநாடு அமைய நேராகவோ மறைமுகமாகவோ துணை நிற்க மாட்டேன் என்று அரச உத்தியோகத்தர் எல்லாரும் சத்தியம் பண்ண வேண்டும். பண்ணாவிட்டால் வேலை இல்லை. தபாற்கந்தோர்ச் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று அவர் அதைப் பாடமாக்கினதை நான் குசினிக்குள் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'மறைமுகமாகவோ' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்குத் தடுக்கும். நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

அவருக்குச் சட்டத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது, மகன். பதின்மூன்றாவது திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழி என்று வந்தபோது பேப்பரை விரித்து எனக்கு வாசித்துக் காட்டினார். "சறோ, சட்டத்திலை ஏறியிட்டுது, இனி ஆராலும் இறக்கேலாது" என்றார். தொண்ணூறில் ஆமி தீவுக்குள் இறங்கி ஊரெல்லாம் ஓடியபோது வெள்ளைச் சேட்டுப் போட்டு, கந்தோர் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். "நான் சத்தியம் பண்ணின ஆள். என்னை ஒண்டும் செய்யமாட்டினம்." சீருடையில் வந்தவர்கள் அட்டையை வாங்கிப் பார்த்தார்கள். பார்த்த பிறகுதான் கொண்டுபோனார்கள்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில், கண்ணாடிக்கு முன்னால் கேட்ட அந்தக் குரல் ஓயவில்லை. நான் யாருக்கும் சொன்னதில்லை. பட்டப்பகலில் அரிசி களைந்துகொண்டிருப்பேன். உள்ளே யாரோ மெல்ல முணுமுணுப்பது கேட்கும். போய்ப் பார்த்தால் கண்ணாடியில் நான் மட்டும் நிற்பேன்.

போன மாதம் ஒரு பின்னேரம் மறுபடி கேட்டது. இந்த முறை தெளிவாகவே. 'மறைமுகமாகவோ' என்ற இடத்தில் தடுக்கி, நின்று, முதலிலிருந்து தொடங்கியது. கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது. ஓடிப்போனேன். கஜானி கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள். அவர் எந்த இடத்தில் தடுக்குவார் என்று அவளுக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லையே.

"வேண்டாம் பிள்ளை, விட்டிடு" என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னை இருத்தி வைத்துச் சொன்னாள். பதினேழாவது திருத்தம் ஜனாதிபதியின் கையைக் கொஞ்சம் கட்டியதாம். பதினெட்டாவது அவிழ்த்ததாம். பத்தொன்பதாவது திரும்பக் கட்டியதாம். இருபதாவது அவிழ்த்ததாம். இருபத்தோராவது மறுபடி கட்டியதாம். "தங்களுக்குத் தேவையெண்டால் மாத்துகினம் அம்மா. ஆறாவதை மட்டும் ஒருத்தரும் தொடேல்லை. வெளியிலை நிண்டு நான் கத்தினால் ஆருக்குக் கேக்கும்? உள்ளுக்குப் போக வேறை வாசல் இல்லை" என்றாள். பிடித்த கையை விட்டேன்.

பதவியேற்பன்று நானும் போனேன். அப்பா போன நாளிலிருந்து எந்தக் கந்தோர்ப் படியும் மிதிப்பதில்லை என்றிருந்தவள் நான். பின்வரிசைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அவள் நாக்குத் தடுக்காமல் சொல்லி முடித்தாள். மற்றவர்கள் சத்தியம் முடிந்ததும் நன்றி சொல்லி அமர்ந்தார்கள். அவள் அமரவில்லை.

"என்ரை அப்பா பரமலிங்கமும் இதே சத்தியம் பண்ணினவர். மீறேல்லை. அவரைக் கொண்டுபோயிட்டினம். இண்டைக்கு நானும் பண்ணிப்போட்டன். இனி நீங்கள் சொல்லுங்கோ, அவர் எங்கை?"

இது நிகழ்ச்சி நிரலில் இல்லை, தயவுசெய்து அமருங்கள் என்று யாரோ சொன்னார்கள். ஊர்காவற்றுறைப் பக்கத்து மீன்பிடிச் சங்கக்காரர் வின்சன்ற், பார்க்க வந்தவர், அவருடைய தமையனும் அப்பாவைக் கொண்டுபோன அதே கிழமைக்குள் காணாமல் போனவர், கதிரையை விட்டு எழுந்து நின்றார். வேறொருவரும் எழவில்லை. பதிலும் வரவில்லை. ஆனால் உன் அப்பாவின் பெயரை ஒரு அரச மண்டபத்தில் உரக்கக் கேட்டேன், மகன். இத்தனை வருசத்தில் முதல் முறை.

வரும்போது பஸ்சில் அவள் என் தோளில் சாய்ந்து, "அப்பா எப்பிடிக் கதைப்பார் அம்மா?" என்று கேட்டாள். எனக்குள் மிஞ்சியிருப்பது அந்தச் சத்தியம் சொல்லும் குரல் ஒன்றுதான். அதையா கொடுப்பது?

கொண்டுபோன அன்றைக்கு வாசற் படலையடியில் அவர்களிடம் ஒரு நிமிசம் கேட்டு, குனிந்து உன் காதுக்குள் அப்பா ஏதோ சொன்னார். கிணற்றடியில் நின்ற எனக்குக் கேட்கவில்லை. நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் எனக்குச் சொல்லவேண்டாம். தங்கச்சிக்கு ஒருக்கா போன் எடு. சட்டம் கதைக்காதே, சண்டையும் பிடிக்காதே. அப்பா சொன்னதை அவளுக்குச் சொல்லு ராசா.

அம்மாளாச்சி உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பாள்.

உன் வரவையும் குரலையும் பார்த்திருக்கும்,
அம்மா
ப. சறோஜினிதேவி