தைச்ச கண்ணோட ஒரு நடை

என் உசுருக்கு உசுரான அண்ணே,

நீ எங்க இருந்தாலும் இத முதல்ல கேளு. என் இடது கண்ணைத் தைச்சாச்சு! சிரிக்காத. ஈப்போ ஆஸ்பத்திரியில சீன டாக்டரு, "ஜாயிட் போலே லா, தைக்கலாம்"னு சொன்னப்ப, "கண்ணு என்ன கிழிஞ்ச கைலியா டாக்டர்?"னு நானே கேட்டுட்டேன்.

கண்மணியைச் சுத்தி இருக்கிற வளையம்தான் வெளிச்சத்த அளந்து உள்ள விடுதாம். எனக்கு அது ஓரத்துல பிஞ்சு, கொஞ்சம் இல்லாமலே போச்சு. அதனாலதான் வெயில்ல எல்லாம் வெள்ளையடிச்சுத் தெரிஞ்சிருக்கு. மிச்சம் இருந்ததை இழுத்து, தலைமுடிய விட மெல்லிசான நூலால சேத்துட்டாரு. அடிபட்டப்ப பாத்த டாக்டரு இதுக்கு வைத்தியமே இல்லைன்னாரே, இப்ப வந்துருச்சு அண்ணே.

அடிபட்ட அந்தக் காலைய இன்னும் மறக்கல. ரப்பர் மரத்துல பால் வடியுற மங்குக் கிண்ணத்தத் தாங்குற கம்பி தெறிச்சு, நான் கண்ணைப் பொத்திக்கிட்டு கெடக்கேன். நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து கட்டுற டிரெசர்கிட்ட ஓடல. நம்ம லயத்து வீட்டுப் பக்கம் ஓடி, பிள்ளை பெத்திருந்த செல்லம்மாகிட்ட தாய்ப்பால் வாங்கியாந்து என் கண்ணுல ஊத்துன. நம்ம சனம் அதத்தானே செய்யும்? அப்புறம் டிரெசர் கத்துனாரு, "பாலை ஊத்திக் கண்ணைக் கெடுத்துட்டியேடா!" அந்த ஒரு பேச்சு உன்னைத் தின்னுடுச்சு.

அன்னையிலேர்ந்து நான் வெயில்ல எறங்குனா, இடது பக்கம் நீ குடையோட. கல்யாண வீடு, சந்தை, கோயில், எங்க போனாலும். "என்னைக்காச்சும் எனக்குக் குடை பிடிச்சிருக்கீங்களா?"ன்னு அண்ணி கூட கேலி பண்ணுவாங்க. உன் மேல தப்பில்லைன்னு நான் எத்தனை வாட்டி சண்டை போட்டிருப்பேன்! காதுல வாங்குனியா?

உனக்காகவே டாக்டர்கிட்ட கேட்டேன், அந்தப் பாலாலயா கெட்டுச்சுன்னு. லைட் அடிச்சுப் பாத்துட்டு இல்லைன்னு தலையாட்டுனாரு. கிழிச்சது கம்பி, பால் இல்ல. நீ நேரா டிரெசர்கிட்டயே ஓடியிருந்தாலும் இதே கிழிசல்தானாம்.

கேட்டியா? நீ கெடுக்கல அண்ணே. போன வருசம் நெஞ்சுவலியில சாகக் கெடந்தப்பவும், "உன் கண்ணைப் பாழாக்கிட்டேன் புள்ள"ன்னுதானே சொன்ன. இன்னும் ஒரு வருசம் பொறுத்திருக்கக் கூடாதா, பாவி?

கட்டுப் பிரிச்சதும் பஸ் ஸ்டேண்டுக்குத் தனியா நடந்தேன். உச்சி வெயிலு. லேசாத்தான் கூசுச்சு. கடைப் பலகையில எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது, சொல்லத்தான் ஆளில்ல. எதிர்ல வந்த மலாய்க்காரம்மா எனக்கு இடது பக்கமா சாதாரணமா புகுந்து போனாங்க. அப்பதான் பாக்குறேன், ஒரு ஆளு குடையோட நடக்குற அளவுக்கு இடம் விட்டே நடந்திருக்கேன். நடுரோட்டுல நின்னு அழுதேன். தைச்ச கண்ணு, அழக்கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க.

வர்ற தைப்பூசத்துக்குக் குடையில்லாம போறேன். காவடிய நிமிந்து பாக்கப் போறேன். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் இடது பக்கம் யாரையும் நிக்க விடமாட்டேன். நீ கையை வீசிக்கிட்டு வா.

ரெண்டு கண்ணாலயும் உன்னைத் தேடுற,
உன் தங்கச்சி