அப்பாவை மாணவர் என்று எழுதலாமா?

அன்பு மகன் தனேஷுக்கு,

கிள்ளானிலிருந்து அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் முட்டிவலி தவிர இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மருமகள் சுயோனும் பூசான் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வெள்ளிக்கிழமைதோறும் விளக்குப் போடுகிறேன். தங்கை ஷாமினிக்குக் காஜாங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது, போகவர மூன்று மணி நேரம், இளைத்துப் போய்விட்டாள். போனில் என்றால் எனக்கு அழுகை வந்து கேட்க நினைத்தது மறந்துவிடும், அதனால்தான் கடிதம்.

அப்பாவின் மூன்றாம் வருடத் திதிக்கு லீவு கிடைக்காது, கொரியாவிலேயே சம்பந்தி வீட்டு முறைப்படி படைக்கலாமா என்று நீ கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ சொன்னதையெல்லாம் மாதக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டு, நம் வழக்கம் ஒரு பக்கம், கொரியர் வழக்கம் ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தேன். படைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவது இரண்டு பக்கமும் இருக்கிறது. மறுபடி உள்ளே போகுமுன் நாம் கதவைத் தட்டுவோம், அவர்கள் இருமிக் காட்டுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் படையலில் மிளகாயும் பூண்டும் சேர்த்தால் இறந்தவர் கிட்டே வரமாட்டார் என்கிறார்களே, உன் அப்பா மிளகாய் இல்லாமல் ஒரு வாய் சாப்பிட்டதுண்டா? உன் அத்தை அமுதவள்ளியிடம் சொன்னால், எங்கண்ணன் இங்க இருக்கிற மேருவுக்கும் கிள்ளான் போர்ட்டுக்கும் லோரி ஓட்டுன ஆளு அண்ணி, பாஸ்போர்ட்டே எடுத்ததில்ல, கொரியாவுக்கு எப்படி லா போவாரு என்று சிரிக்கிறாள். கோயில் குருக்களோ, புள்ள மனசாரச் செஞ்சா எங்க செஞ்சாலும் போய்ச் சேரும்மா என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படத்துக்குப் பதிலாகச் சம்பந்தி ஒரு காகிதத்தில் எழுதி வைப்பார், அதில் அப்பாவை மாணவர் என்று எழுதுவார் என்றாயே, அதுதான் நெஞ்சில் தைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் நாட்டில் ராஜா வைத்த பரீட்சையில் தேறினால்தான் பதவி, பதவி இல்லாமல் இறந்தவரை இன்னும் படித்துக்கொண்டிருப்பவராக எழுதுவது மரியாதை என்று நீ விளக்கினாய். இரண்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுப் தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போனவரை மாணவர் என்றால் அது மரியாதையா கேலியா என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மளிகை மடித்து வந்த பேப்பரை வைத்து நானாக எழுத்துக் கூட்டிப் பழகிய நாளில், உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எனக்கும் சொல்லிக் குடேன் புஷ்பா என்றார். இந்த வயசுல படிச்சு என்னாங்க பண்ணப் போறீங்க, போய்க் குளிங்க என்றேன். சிரித்துக்கொண்டே எழுந்து போனார். அப்புறம் ஒரு நாளும் கேட்கவில்லை.

ஆகவே செய்யுங்கள். மிளகாய் சமாச்சாரம் எனக்கு இன்னமும் விளங்கவில்லை, நான் இங்கே காரமாகவே படைக்கிறேன், அங்கே அவர்கள் சொல்கிறபடி இருக்கட்டும். காகிதத்தில் மாணவர் என்றே எழுதச் சொல், சம்பந்திக்கு என் வணக்கத்தையும் சொல்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடி இல்லாமல் இருக்க அந்த வேலவன் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. சடங்கு முடிந்ததும் அந்தக் காகிதத்தை எரித்துவிடுவார்கள் என்றாய் அல்லவா, எரிக்குமுன் அதை அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகப் படித்துக் காட்டு. அவருக்கு வாசிக்கத் தெரியாது.

உன் அம்மா,
புஷ்பவல்லி