மனப்பாடமான கடைசி வரி

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே நான் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறேன், பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. உன் சுகத்தை எப்போதும் முதல் வரியில் வழக்கத்துக்காகக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். இதைக் கையில் கொடுத்துவிட்டு அம்மா எதிரில் நின்றுகொண்டிருப்பாள், முதலில் அவளை உட்காரச் சொல், அவ்வளவு தூரம் ரயிலில் வந்த முழங்கால் வீங்கியிருக்கும். எழுத்து பெரிது பெரிதாக, வரி ஏறி இறங்கி இருப்பதைப் பார்த்து அப்பா அவசரத்தில் கிறுக்கியிருக்கிறார் என்று நினைக்காதே, காரணம் பின்னால் வருகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன். நாலு வரி எழுதுவதற்குள் கண்ணில் நீர் கட்டிக்கொள்கிறது, போய்ப் படுத்துவிடுகிறேன். உடம்பில் ஓர் அலுப்பு, தூங்கி எழுந்தாலும் போவதில்லை.

அக்கா போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தாள். மாப்பிள்ளைக்கு மறுபடியும் இடமாற்றம், புலம்பித் தீர்த்துவிட்டுப் போனாள். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குழாய்க்காரர் ஒன்றரை மாதமாக டிமிக்கி கொடுக்கிறார். அம்மா வலியோடு வலியாக ஞாயிறுதோறும் அந்த ஆன்மிகச் சொற்பொழிவுக்குப் போய், கேட்டதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் படித்துக் காட்டுவாள். கோபத்தை விட்டால் அமைதி வரும் என்று படிப்பாள், அடுத்த நிமிஷம் ஒரு டம்ளர் உடைந்தால் வீடே கிடுகிடுக்கும். யாருடைய கண்ணாடியையோ எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் என்று நான் கேலி செய்வேன். அவள் விடுவாளா, உங்க பொண்ணு தியானம்னு ரூமைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கிறதுக்கு யாரு காரணம்னு யோசிச்சுப் பாருங்க என்பாள். அதில் நியாயம் இருக்கிறது. ஆன்மிகத்தில் இன்னொருத்தர் சொல்லித் தெரிந்துகொள்வதெல்லாம் இரவல், தானாக உட்கார்ந்து தானாகக் கண்டால்தான் சொந்தம் என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சாப்பாட்டு மேசையில் முழங்கினவன் நான்தான். யாரிடமும் கற்கக் கூடாது என்பதையே நீ என்னிடமிருந்துதான் கற்றாய். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. போனை எப்போதோ நிறுத்திவிட்டாய். வேலையை விட்டாயிற்று, வரும் ஒன்றாம் தேதியிலிருந்து கடிதமும் கிடையாது, ஒரு வருஷம் அறைக்குள் தனியாக மௌனம், புத்தகம்கூட வேண்டாம் என்று எழுதியிருந்தாய். நம் வீட்டு வழக்கப்படி நான்தான் உரக்கப் படித்தேன், அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடைசி வரி வந்ததும், நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம் என்று படித்து முடித்து, மடித்து அலமாரியில் வைத்தேன். அம்மா அழுதாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது, இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்பனால் முடியாததைப் பிள்ளை செய்கிறாள் என்று இரண்டு வாரம் மிதப்பிலேயே திரிந்தேன்.

இனி கண்ணாடிக் கடையில் நடந்ததைச் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. நம் தெருமுனைத் தையல்காரம்மா, நான் போட்டுக் கொடுத்த புதுக் கண்ணாடியால் தலைவலி என்று இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும், புதுசுன்னா அப்படித்தான்மா, போகப் போகப் பழகிடும் என்று அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் தடவையாக வந்தார், சண்டை போடவில்லை. பையிலிருந்து ஊசியும் கறுப்பு நூலும் எடுத்து என் முன்னால் வைத்து, அண்ணே, நான் பழகுறது இருக்கட்டும், நீங்க இதைக் கோத்துக் காட்டுங்க என்றார். சிரித்துக்கொண்டேதான் வாங்கினேன். நூலை நனைத்து, முறுக்கி, குத்திக் குத்திப் பார்த்தேன், ஊசியின் காதே தெரியவில்லை. கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரே வாங்கித் தன் பழைய கண்ணாடியோடு ஒரே தடவையில் கோத்துவிட்டு, உங்க கண்ணை யாருண்ணே பாக்குறாங்க என்று கேட்டார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சொல்லும்போதே சுருக்கென்றது. வருஷம் தவறாமல் கடை திறக்குமுன் கண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, எதிர்ச்சுவர் எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை தங்குதடையில்லாமல் படித்துவிட்டு, கண்ணுக்கு ஒரு பழுதும் இல்லை என்று எழுந்துவிடுவேன். இருபத்தாறு வருஷமாகத் தினமும் பார்க்கிற பலகை, எப்படி மறக்கும்? கண் எங்கே படித்தது, வாய்தான் ஒப்பித்தது. லென்ஸ் உறைமேல் இருந்த பவரைத் தப்பாகப் படித்து, அந்தம்மாவின் வலது லென்ஸை இடதில் மாட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டேன். அங்கிருந்து நேரே டாக்டரிடம் போனேன், இரண்டு கண்ணிலும் புரை, வலது நன்றாகவே முற்றிவிட்டதாம். ஆபரேஷன் முடியும்வரை சோதனை நாற்காலிப் பக்கம் வர வேண்டாம் என்றார் முதலாளி, மரியாதையாகத்தான் சொன்னார்.

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா எழுந்துபோய் அலமாரியிலிருந்து உன் கடிதத்தை எடுத்து, ஜன்னலடியில் உட்கார்ந்து முதலிலிருந்து தானே படித்தாள். கடைசி வரியில் நிறுத்திவிட்டாள். நீங்க படிச்சது இதுல இல்லவே இல்லைங்க என்றாள். பதினோரு வருஷமாக எல்லாக் கடிதத்தையும் ஒரே வரியில் முடித்திருக்கிறாய், மேலே உள்ளதைத் தட்டுத் தடுமாறிப் படித்த நான் அங்கே கண்ணால் பார்க்காமல் அதையே ஒப்பித்துவிட்டேன். நீ எழுதியிருந்தது, அப்பா, சில நாளாக உள்ளே கேட்பது என் குரல்தானா என்று தெரியவில்லை, பயமாக இருக்கிறது, நீங்கள் சொன்னால் நிறுத்திவிடுகிறேன் என்று. அம்மா அதை இரண்டு தடவை படித்தாள். இத்தனை நாள் நீ என் பதிலுக்குக் காத்திருந்திருக்கிறாய், என் மௌனத்தைச் சம்மதம் என்றுகூட எடுத்திருப்பாய். அக்கா உன் ஆபீசுக்குப் போன் போட்டால் நீ போய்விட்டாய் என்கிறார்கள், வேறு நம்பர் ஒன்றும் எங்களிடம் இல்லை. ரயிலில் சனிக்கிழமைக்குத்தான் இடம் கிடைத்தது. எனக்குப் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன், நான் வந்தால் உனக்குப் பாரம்தான், அதனால் அம்மா வருகிறாள்.

தனியாக உட்காருவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். டாக்டர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா, எது தெளிவு என்று கேட்டாரே தவிர எனக்காக அவர் பார்க்கவில்லை, பார்த்துச் சொன்னது நான்தான். ஆனாலும் கேட்பதற்கு எதிரில் ஓர் ஆள் இருந்தார். அம்மாவின் நோட்டு போதாது, என் பலகையும் போதாது, இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை, யோசிக்கத் தெம்பும் இல்லை. உன் பயத்தை அம்மாவிடம் சொல், அவள் நோட்டைத் திறந்தால் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல். அவளுக்கு ராத்திரி மாத்திரையை மட்டும் ஞாபகப்படுத்து, மறந்துவிடுவாள். இரண்டு பேரும் சேர்ந்து இங்கே வந்துவிட்டாலும் சந்தோஷம்தான், கட்டு அவிழ்க்கிற அன்று நீ எதிரில் நின்றால் போதும்.

உன் மனசுக்கு ஒரு குறையும் வராமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். என் கடிதங்களையும் நான் எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பேன், உனக்கு மனப்பாடமாக இருக்கும். அதனால் கீழே இருப்பதை நீயாகப் படித்துவிடாதே, அம்மாவிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேள்.

நிறுத்திவிடும்மா. அப்பா சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா