கேமராவில் மாட்டக் கூடாத பிளாஷ்

மச்சான்,

இன்று காலை பையைத் துப்புரவாக்கினேன். பழைய பிளாஷின் அடியில் நீ சுற்றிய சிவப்பு டேப் இன்னும் விடவில்லை. அதன்மேல் உன் கோழிக் கிறுக்கலில், "கேமராவுல மாட்டாதே". நீ போய் ஒன்பது மாதம். எனக்கு உத்தரவு போடுவதை மட்டும் நிறுத்தவில்லை.

அந்த டேப்பை நீ சுற்றிய அன்று பௌர்ணமிப் போயா லீவு. தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வெள்ளைச் சேலையைப் பின்திரையாகக் கட்டி, படம் எடுக்க நம் தோட்டத்து டிவிஷன் சனங்களை வரச் சொல்லியிருந்தோம். யோசனை உன்னுடையது. உன் அம்மாவின் அஞ்சலி பேனருக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்தார்கள். கண்ணும் மூக்கும் கலைந்து வேறு யாரோ போலிருந்தது. "உசுரோட இருக்கையிலயே ஆளுக்கொரு நல்ல படம் எடுத்து வெச்சிரணும்" என்று பிடிவாதமாக நின்றாய்.

கேமரா புதிய டிஜிட்டல். லென்ஸும் பிளாஷும் பிலிம் காலத்தவை, இரத்தினபுரியில் பழைய சாமான் கடையில் கிடைத்தவை. கேமரா அந்த லென்ஸை மதிக்கவே இல்லை. வெளிச்ச அளவு காட்டாது, எல்லாவற்றையும் கையால்தான் திருக வேண்டும். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து, கூட்டிக் குறைத்துச் சமாளித்தேன்.

பிளாஷை கேமராவின் தலையில் மாட்டப் போனேன். நீ கையைப் பிடித்தாய். பெக்டரியில் கரண்டு வேலை பார்க்கிறவனுக்குப் படம் எடுப்பதைப் பற்றி என்ன தெரியும் என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நீ மீட்டரின் இரு முனைகளையும் பிளாஷின் அடியில் வைத்துக் காட்டினாய். இருநூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது. மாட்டியிருந்தால் கேமரா அங்கேயே கருகியிருக்கும்.

"லென்ஸுல கரண்டே இல்ல, பிளாஷுல ஒரு லயத்து வீடுங்க எல்லாத்துக்குமே போதும். நல்ல சோடிதான் புடிச்சிருக்க மச்சான்" என்றாய்.

பெக்டரிக்கு ஓடி, வெளிச்சம் பட்டால் இயங்கும் சின்ன சுவிட்ச் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டிக்கொண்டு வந்தாய். கேமராவின் குட்டி பிளாஷ் மின்னினால், தள்ளி நிற்கும் பெரியது அதைப் பார்த்து மின்ன வேண்டும். மின்னியது. படமெல்லாம் இருட்டு. பெண்கள் பொறுமையிழந்து எழத் தொடங்கிவிட்டார்கள். கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த நீதான் கண்டுபிடித்தாய்: "ஒன் கேமரா ரெண்டு தரம் கண்ணடிக்குது. நம்மாளு மொத தரத்துக்கே வெடிச்சிர்றான்." ஒரே தரம் மின்னும்படி மாற்றினேன். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் வந்து முகத்தில் இறங்கியது.

முதலில் உட்கார்ந்தவர் நாற்பது வருசம் கொழுந்து பறித்த அக்கா. படத்தைப் பார்த்து, "இது நானா தம்பி?" என்று கேட்டார்.

"நீங்கதாங்க்கா" என்றாய். "இத்தன நாளா வெளிச்சத்த நேரா மூஞ்சியில அடிச்சிட்டாங்க."

அன்று அறுபது பேருக்கு மேல் எடுத்தோம். கடைசியாக உன்னையும் பிடித்து உட்கார வைத்தேன். இப்போது நம் டிவிஷனில் எந்தச் சாவு வீட்டிலும் கலைந்த முகம் தொங்குவதில்லை. பழையதை அளந்து பார்க்காமல் புதியதில் மாட்டும் பழக்கமும் எனக்கு விட்டுப்போயிற்று.

அன்று எடுத்த படம் போட்ட உன் அஞ்சலி பேனரை கஹவத்தை பஸ் ஸ்டாண்டில் கட்டியபோது, ஒரு கடை முதலாளி நின்று பார்த்தார். எந்தத் தோட்டத்து மாத்தையா என்று சிங்களத்தில் கேட்டார். மாத்தையா என்று நாம் துரைமாரையும் ஆபீஸ்காரர்களையும்தானே கூப்பிட்டோம். நானும் சிங்களத்திலேயே, சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"மாத்தையா இல்லீங்க. எங்க லயத்து ஆளு."

அப்போது நிமிர்ந்த என் தலை இன்னும் இறங்கவில்லை, மச்சான்.