வேட்டைத் திருவிழாவுக்கு ஒரு வில்

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். வேலைக்கு லீவு. வசந்திக்குக் கஞ்சி, மாத்திரை, முதுகுக்கு எண்ணெய். பிறகு கட்டடத்துக்கு அடியில் உள்ள நிலவறைக்கு, காவுக்கு, இறங்கி வில் வேலை.

சனியன் பிடித்த கொப்பு. பிரெஞ்சுக்காரர் இஃப் என்கிற ஊசியிலை மரம். வேலைத்தலத்தில் புதுச்சேரி லூயி போன வருடம் தந்தது. வெளிப்பக்கம் வெள்ளை, உள்ளே சிவப்பு. வில்லுக்கு இதைவிட நல்ல மரம் இல்லையாம். ஆனால் இது நேராக வளரவில்லை. ஒரே முறுக்கு, நடுவில் பெரிய கணு, ஒரு நுனியில் வெடிப்பு. வெடிப்பை அரிந்து எறிந்ததில் வில் குட்டையாகிவிட்டது. பரவாயில்லை, முருகன் கைக்குத்தானே. தூள் நஞ்சு. மூக்கைக் கட்டிக்கொண்டுதான் அராவ வேண்டும்.

வசந்தியின் நேர்த்திக்கடன் இது. வேட்டைத் திருவிழாவில் சாமி எங்கள் தெருவுக்கு, ரூ பிலிப்-து-ஜிராருக்கு, வரும்போது கையில் நான் செய்த வில் இருக்க வேண்டும். எங்கள் ஜன்னலால் அவள் பார்க்க வேண்டும். கடையில் தகர வில் வாங்கலாம் என்றேன்.

"வளையாத வில்லோ? முருகன் என்ன நாடகத்துக்கோ போறார்?"

சிரிப்பு. பிறகு இருமல்.

இனி மருந்தில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். சுகம் வர வேண்டும் என்று அவள் நேரவில்லை. திருவிழா வரைக்கும் இருக்க வேண்டும் என்றுதான் நேர்ந்திருப்பாள். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெக்கை. ஜன்னல் திறந்தால் சத்தம், மூடினால் புழுக்கம்.

வில்லின் மேல் கை, பிடிக்கு மேலுள்ள பாதி, வளைகிறது. கீழ் கை விறைத்துக்கொண்டு நிற்கிறது. கணுவைச் சுற்றித் தடிப்பாக விட வேண்டும், அழகுக்குச் சமனாக்கப் போனால் அதிலேயே முறியும். சுரண்டு, கயிறு கட்டு, இழுத்துப் பார், அவிழ், திரும்பச் சுரண்டு. மரத்தைப் பார்த்துத் தூஷணத்தில் கத்திவிட்டேன். பக்கத்துக் காவ் மதாம் வந்து எட்டிப் பார்த்தார். பர்தோன், மதாம்.

கோயில் தலைவர் போனில்: "அண்ணை, வில் எப்ப வரும்? ஐயர் கேக்கிறார்."

"ஞாயிறு தாறன்."

"நல்ல மரந்தானே?"

"ஓம் ஓம், முதல்தரம்."

வசந்தி கஞ்சியைத் தொடவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

சரி வந்துவிட்டது! இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகின்றன. மேலே கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலால் நாணைச் சுண்டிப் பார்த்தாள்.

"என்ர மனுசன் கெட்டிக்காரன்தான். இவ்வளவு நாளும் தெரியாமப் போச்சே."

எவ்வளவு சந்தோஷம். குசினிக்குள் போய் அழுதேன்.

லூயிக்குப் படம் அனுப்பினேன். உடனே போன். "சூப்பரா வந்திருக்குப்பா! மச்சான்கிட்ட காட்டணும். சிமித்தியேர்ல மரம் வெட்டினப்ப அவன்தான் எடுத்து வச்சான்."

"எங்கை வெட்டினது?"

"கல்லறைத் தோட்டத்துலப்பா. இங்க எல்லாம் அங்கதானே இந்த மரம் வளப்பாங்க. மந்திரிச்ச மண்ணு, நல்லதுதானே?"

அவர் கிறிஸ்தவ வேதக்காரர். அவருக்கு நல்லதுதான். எனக்கு? சுடலை மரம், சாமியின் கையில்! என்ன மரம், காய்ந்ததா, பூச்சி உண்டா, எல்லாம் கேட்டேன். எங்கே நின்றது என்று கேட்கவில்லை. மடையன், மடையன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மழை. படுக்கையில் புரண்டதுதான் மிச்சம்.

சொல்லாமல் கொடுத்தால் ஒருவருக்கும் தெரியாது. முருகனுக்குத் தெரியும். வேறு கொப்புத் தேடிக் காயவைக்க நேரமில்லை. தகர வில் என்றால் ஜன்னலிலிருந்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். தலைவரின் அழைப்பு, எடுக்கவில்லை.

"இஞ்சருங்கோ, ஏன் இன்னும் குடுக்கேல்லை?"

சொல்லிவிட்டேன். ஏசுவாள் என்று பார்த்தேன். ஏசவில்லை. கணுவைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அப்பிடியெண்டா கோயிலுக்கு வேண்டாம். தகர வில்லையே வாங்கிக் குடுங்கோ."

"இதை என்ன செய்யிறது?"

"வைச்சிருங்கோ. என்னைக் கொண்டு போகேக்கை பக்கத்திலை வைச்சு விடுங்கோ. அதுக்குத் தீட்டு இல்லைத்தானே."

விசர்க் கதை கதையாதேயும் என்று கத்தினேன். கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"கத்தாதேங்கோ. அதை இஞ்சை தாங்கோ."

போர்வைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். திருவிழாவுக்கு இன்னும் ஒரு கிழமை கிடக்கிறது. தகர வில்லென்றாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் இரும், வசந்தி.